சாவா மருந்தைத் தனியே உண்டவர்கள்: காட்டேரிக் கதைகளின் துயரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் தெருவிலுள்ள ஒரு பழைய வீட்டுத் திண்ணையில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படித்த கதைகளைப் பேசுகிறோம். போன வருஷம் முழுக்கக் காட்டேரிக் கதைகள்தான் ஓடின. ஆங்கிலத்தில் 'வாம்பயர்' என்கிறார்களே, செத்தும் சாகாமல் ரத்தம் குடித்து வாழ்வது, அதைத்தான் காட்டேரி என்கிறேன். சாகாமல் இருப்பதன் துயரம் என்ற இடத்துக்கு வந்துவிட்டால் பேச்சு நீண்டுவிடும், இருட்டிய பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அதே கேள்விகளைக் கேட்பதால் என் பதில்களை எழுதி வைக்கிறேன். சில கதைகளின் முடிவையும் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரியாமல் படிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வரலாம்.

கொல்வது காட்டேரி, சாவது மனிதன். அதற்கு என்ன துக்கம்?

முதலில் அது இழப்பது தன் ஆட்களைத்தான். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1813இல் வெளியிட்ட ஒரு நெடுங்கவிதையில் ஒரு சாபம் வருகிறது. நீ கல்லறையிலிருந்து எழுந்து உன் சொந்த வீட்டுக்கே போவாய். மகள், தங்கை, மனைவி என்று உன் குலத்தின் ரத்தத்தையே குடிப்பாய். குடிக்கப் பிடிக்காமலே குடிப்பாய். உனக்கு உயிருக்கு உயிரான கடைக்குட்டி மகள், சாகிற நேரத்தில் உன்னை அப்பா என்று அழைத்து வாழ்த்துவாள்.

இதைத் திண்ணையில் படித்த அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்தக் கதைகளில் வரும் எல்லாத் துக்கமும் இந்தச் சாபத்துக்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தத் துக்கம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததா?

நாட்டார் நம்பிக்கையில் இல்லை. 1725இல் செர்பியாவில் ஒரு கிராமத்தில், செத்துப் புதைத்தவர் திரும்பி வந்து ஊராரைக் கொல்கிறார் என்று சொல்லிப் பிணத்தைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். அந்தச் சம்பவத்தை அதிகாரிகளே பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே இருப்பது பயம் மட்டும்தான். அந்தப் பிணம் என்ன நினைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் பைரனும் அவருடைய நண்பர்களும் பேய்க்கதை எழுதுவதாகப் பந்தயம் கட்டினார்கள். முந்தைய வருஷம் தம்போரா எரிமலை வெடித்ததில் கோடையே வராமல் போன காலம் அது. அங்கே பைரனின் மருத்துவராக இருந்த பொலிடோரி எழுதியது 1819இல் வெளிவந்தது. அதில் காட்டேரி ஒரு பிரபு, நல்ல உடை, நல்ல பேச்சு. துக்கம் மட்டும் இல்லை. 1845 முதல் 1847 வரை லண்டனில் மலிவுப் பதிப்பாகத் தொடர்ந்து வந்த 'வார்னி' என்ற கதையில்தான் காட்டேரி சோர்ந்து போகிறது. எத்தனை முறை கொன்றாலும் நிலா வெளிச்சம் பட்டதும் வார்னி எழுந்துவிடுகிறான். கடைசியில் அவனே வெசுவியஸ் எரிமலைக்குள் குதிக்கிறான்.

1897இல் வந்த டிராகுலாவில் எனக்கு முக்கியமானவள் மீனா. டிராகுலாவால் கடிபட்டவள் அவள். அவள்தான், இத்தனை துன்பத்தையும் செய்த அந்த உயிரின் மேல் இரக்கம் காட்டுங்கள் என்கிறாள். அவன் அழியும் கணத்தில் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததையும் பார்த்து எழுதி வைக்கிறாள். காட்டேரியே தன் வாயால் தன் கதையைச் சொல்வது ஆன் ரைஸின் 1976ஆம் ஆண்டு நாவலில். பத்திரிகைக்காரன் போலத் துருவிக் கேட்கும் ஒரு பையன் முன்னால், ஒலிப்பதிவு நாடா சுற்றிக்கொண்டிருக்க, லூயி இரவு முழுக்கப் பேசுகிறான்.

ஆயிரம் வருஷம் இருந்தால் சலித்துப் போகும். அவ்வளவுதானே?

பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் அது. தத்துவ ஆசிரியர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான ஒரு கட்டுரையில் அதைத்தான் வாதாடினார். காரல் சாபெக்கின் 1922ஆம் ஆண்டு நாடகத்தில் முந்நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஒரு பாடகி வருகிறாள், அவளை வைத்து எழுதிய கட்டுரை. ஒரு மனிதருக்கு நடக்கக்கூடியதெல்லாம் நடந்து முடிந்த பிறகு எதுவும் அவரைத் தொடாது என்பது சாரம்.

எனக்கு இது போதவில்லை. சலிப்பு சின்ன விஷயம். என் அப்பத்தாவை வைத்துச் சொல்கிறேன்.

அப்பத்தாவுக்குத் தொண்ணூற்று நாலு வயது வரை நினைவு தெளிவாக இருந்தது. வளவைச் சுற்றி, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிப் பதினோரு அறை, ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்கு. கல்யாணமாகித் தனிக் கணக்கான ஒவ்வொரு குடும்பத்தையும் எங்கள் பக்கத்தில் புள்ளி என்பார்கள். அத்தனை பேரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். சாவிக்கொத்து மட்டும் அப்பத்தாவிடம். ஒவ்வொரு சாவியிலும் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி வைத்திருந்தார். கத்தரிப்பூ நிறக் கிழிசல் இன்னாருடையது, மஞ்சள் இன்னாருடையது என்று தடவிப் பார்த்தே சொல்லுவார். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே கிளம்பி, வழியில் காய்ச்சலில் போய்விட்ட அவருடைய சின்னண்ணனைப் பற்றி ஒருநாள் கேட்டேன். எப்படி இருப்பார், என்ன நிறம், எப்படிப் பேசுவார் என்று. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "அவுகளைக் கண்ணால பாத்தவுக இந்தப் பூமியிலே இப்ப நான் ஒருத்திதான். நானும் போயிட்டா அந்த முகம் போச்சு" என்றார்.

அப்பத்தாவுக்கு ஒருநாளும் சலித்ததில்லை. காலையில் தினத்தாளை வரி விடாமல் படித்தார், வெண்டைக்காய் விலை ஏறியதற்கு ஆத்திரப்பட்டார். அவருக்கு இல்லாமல் போனது, "ஆமா, அன்னைக்கு நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்ல ஒரு ஆள். அவருக்கு அது கடைசி ஏழெட்டு வருஷத்தில் நடந்தது. காட்டேரிக்கு ஒவ்வொரு எண்பது வருஷத்துக்கும் ஒருமுறை நடக்கும். போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிற எல்லாரும் போய்விடுவார்கள். யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு காட்டேரியைத் துணைக்கு உண்டாக்கிக் கொள்ளலாமே?

கதைகளில் எல்லாரும் அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். 1983இல் வந்த 'தி ஹங்கர்' படத்தில் மிரியம் தன் காதலர்களுக்கு என்றென்றைக்கும் வாழ்வைத் தருகிறாள், இளமை மட்டும் நிலைக்கவில்லை. திடீரென்று அவர்கள் முதுமையில் நொறுங்குகிறார்கள், ஆனால் சாக முடியவில்லை. மேல்மாடியில் ஒவ்வொருவரையும் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறாள். கிரேக்கக் கதையில் வைகறைத் தேவதை தன் காதலன் தித்தோனசுக்குச் சாகாவரம் கேட்டாளே, இளமையைக் கேட்க மறந்தாளே, அதே தவறு.

துணை வேண்டுமென்று ஒருவரைக் காட்டேரி ஆக்குவதில் அவருடைய விருப்பத்தை யார் கேட்டார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. கிளாடியாவின் கதையே அதுதான்.

கிளாடியா யார்? ஏன் எல்லாரும் அவளைப் பற்றியே பேசுகிறீர்கள்?

ஆன் ரைஸின் நாவலில் ஐந்து வயதில் காட்டேரி ஆக்கப்பட்ட பெண்குழந்தை. லூயி விட்டுப் போய்விடக் கூடாது என்று, அவனைக் காட்டேரி ஆக்கிய லெஸ்டாட் அவளை உண்டாக்குகிறான். வருஷங்கள் ஓடுகின்றன. மனம் வளர்ந்து பெண்ணாகிறது, உடம்பு அப்படியே நிற்கிறது. கை குட்டையாக, விரல் குண்டாக, யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டிய அளவிலேயே இருக்கிறாள். அவளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆன் ரைஸின் மகள் மிஷேல் 1972இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். ஆறு வயது நிறையவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தாய் உட்கார்ந்து, முன்பு சிறுகதையாக எழுதி வைத்திருந்ததை நாவலாக்கினார். ரத்தத்தால் செத்த குழந்தை, ரத்தத்தால் சாகாமல் இருக்கும் குழந்தையாகக் கதைக்குள் வந்துவிட்டாள். அதைவிட என் மனசைப் பிசைவது, அந்தத் தாய் கதையில்கூட அவளைக் காப்பாற்றவில்லை என்பது. பாரிசில் விடியும் நேரத்தில் கிளாடியா வெயிலில் எரிந்து போகிறாள்.

அதே நாவலில் மாடலின் என்று ஒருத்தி வருகிறாள். பொம்மை செய்கிறவள், மகளைப் பறிகொடுத்தவள். எத்தனை பொம்மை செய்தாலும் அந்த மகளின் முகத்தையே செய்கிறாள். நாவலை வேகமாகப் படிக்கிறவர்கள் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். தயவுசெய்து அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

மார்க்கண்டேயனும் என்றும் பதினாறுதான். அவனுக்காக யாரும் அழுவதில்லையே?

நல்ல கேள்வி. ஒரு பதின்ம வயதுப் பெண் கேட்டது. மார்க்கண்டேயனுக்கு வரம் கொடுத்தவன் அவனை விட்டுப் போகாதவன். லிங்கத்தைக் கட்டிப் பிடித்திருந்த பையனுக்கு அந்தப் பிடி என்றைக்கும் நழுவப்போவதில்லை. கிளாடியாவுக்கு அப்படி யாரும் இல்லை.

ஆனால் திருக்கடையூர்க் கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை. சிவன் உதைத்து எமன் விழுந்து கிடந்தபோது உலகத்தில் சாவே நின்றுவிட்டது. பிறப்பு மட்டும் நடக்க, பாரம் தாங்காமல் பூமாதேவி முறையிட்டாள். எமனை எழுப்பிவிட்ட பிறகுதான் பூமி மூச்சு விட்டது. நம் பக்கத்தில் அறுபது நிறைந்தவர்களுக்குச் செய்யும் சாந்திக் கல்யாணத்தைப் பலர் அந்த ஊருக்கே போய்ச் செய்கிறார்கள். ஆயுளைக் கேட்கப் போகிற இடத்திலேயே எமனுக்கும் இடம் இருக்கிறது.

நம் மரபில் சாகாமல் துன்பப்படுகிறவர் உண்டா?

அசுவத்தாமன். பாண்டவரின் பிள்ளைகளைத் தூக்கத்தில் கொன்றதற்கும் கருவிலிருந்த குழந்தைமேல் அஸ்திரம் விட்டதற்கும் கண்ணன் கொடுத்த சாபம்: மூவாயிரம் ஆண்டு, சீழும் ரத்தமும் நாற, பேச ஒரு துணை இல்லாமல் அலைய வேண்டும். இதில் நாற்றத்தைவிடத் துணையின்மைதான் தண்டனை.

ஆனால் நான் அடிக்கடி போய் நிற்பது ஔவையாரிடம். உண்டவருக்கு நெடிய ஆயுள் தரும் நெல்லிக்கனியை அதியமான் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான், அது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. பள்ளிக்கூடத்தில் அதோடு நிறுத்திவிடுவார்கள். 235ஆம் பாட்டில் அதியமான் செத்துக் கிடக்கிறான், ஔவை அழுகிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே. நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் உண்பானே. புலால் நாறும் என் தலையை நரந்தம் மணக்கும் தன் கையால் தடவிக் கொடுப்பானே. நெல்லிக்கனியை வாங்கித் தின்ற கையோடு இந்தப் பாட்டைப் படித்துப் பாருங்கள். கனி வேலை செய்திருக்கிறது. கொடுத்தவன் இல்லை.

வேதாளம் காட்டேரிதானே?

இல்லை. பிணத்துக்குள் புகுந்து பேசும் ஆவி அது. 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் கொடுத்தபோது தலைப்பிலேயே 'வாம்பயர்' என்று போட்டதால் குழப்பம் வந்தது. 'காட்டேரி' என்ற சொல்லும் இரவல்தான். காட்டேரியைத் தெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவர்கள் மனம் நோகாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று எங்கள் திண்ணையில் சொல்லியிருக்கிறோம்.

வெயில் பட்டால் சாகும் என்பது எல்லாக் கதையிலும் உண்டா?

கிடையாது. 1897ஆம் ஆண்டு நாவலில் டிராகுலா லண்டன் தெருவில் பகலில் நடக்கிறான். வெயிலில் அழிவது 1922இல் வந்த ஜெர்மன் ஊமைப் படமான 'நோஸ்ஃபெராட்டு'வில் வந்த புது ஏற்பாடு.

அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது என்ற விதி எதற்கு?

எல்லா விதியிலும் எனக்குப் பிடித்தது இது. 2008இல் வந்த ஸ்வீடன் படத்தில் ஏலி என்ற பிள்ளை வருகிறது. வயது பன்னிரண்டு, ஆனால் ரொம்பக் காலமாகப் பன்னிரண்டு. பக்கத்து வீட்டுப் பையன் ஆஸ்கர், வா என்று சொல்லாமல், வந்தால் என்ன ஆகும் பார்க்கலாம் என்று நிற்கிறான். ஏலி நிலைப்படி தாண்டி உள்ளே வருகிறது. கண், காது, தோல் எல்லாவற்றிலிருந்தும் ரத்தம் கசிகிறது. பையன் பதறிப்போய், வா, நீ உள்ளே வரலாம் என்று கத்திக் கட்டிக்கொள்கிறான்.

ஒரு குறள் இருக்கிறது: விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று. விருந்தினர் வெளியே இருக்க, உள்ளே தனியாக உண்பது சாகாமல் இருக்கும் மருந்தே ஆனாலும் வேண்டியதில்லை. சாகாமையையும், தனியாக உண்பதையும், வாசலுக்கு வெளியே நிற்கிறவரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் வள்ளுவர். புறநானூற்றின் 182ஆம் பாட்டும், இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்கிறது. கடலில் மாய்ந்துபோன ஒரு இளம் பாண்டியன் பாடியது. காட்டேரியின் துயரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சாவா மருந்து அதற்குக் கிடைத்துவிட்டது. எதிரே இலை போட்டு உட்கார ஆள் கிடையாது. எதிரே உட்காருகிறவரே அதன் சாப்பாடு.

வள்ளலார் மரணமிலாப் பெருவாழ்வு என்றாரே. அதையும் துயரம் என்பீர்களா?

மாட்டேன். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். அவர் பேசிய சாகாமை, பிற உயிரின் பசியை ஆற்றுவதிலிருந்து தொடங்குகிறது. காட்டேரியின் சாகாமை பிற உயிரைத் தின்பதில் தொடங்குகிறது. 'சாகாமல் இருத்தல்' என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கண்ணதாசனைப் பற்றியும் கேட்கிறார்கள். எனக்கு மரணமில்லை என்று 1963இல் ஒரு படப் பாட்டில் எழுதி, தானே திரையில் வந்து நின்றவர், சிறுகூடல்பட்டிக்காரர். 1981இல் ஐம்பத்து நாலு வயதில் போய்விட்டார். இங்கே டீக்கடையில் அவர் வரி ஒலிக்காத நாள் கிடையாது. அவர் மற்றவர்கள் வாயில் இருக்கிறார். அதுவும் வேறு வகை.

வீட்டில் சாவு விழுந்து துக்கத்தில் இருக்கிறேன். இந்தக் கதைகளைப் படிக்கலாமா?

உடனே வேண்டாம். முதல் சில மாதங்களுக்குச் சமைத்துப் போட ஆள் இருந்தால் போதும், கதை அப்புறம் வரட்டும். கொஞ்சம் ஆறிய பிறகு படித்தால், செத்தவர் திரும்பி வந்தால் போதும், எப்படி வந்தாலும் சரி என்று ராத்திரியில் தோன்றுகிறதே, அந்த எண்ணத்துக்கு இந்தக் கதைகள் முகம் கொடுத்துப் பேசுவது தெரியும். ஆறுதல் என்று சொல்லமாட்டேன். எங்களோடு வந்து உட்காருகிற ஒருவர் மனைவியை இழந்தவர். மீனா அந்த எதிரிக்கு இரக்கம் கேட்கும் பக்கத்தை அவர்தான் எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

நம் பக்கத்துக்காரர் ஒருவரையும் கூடவே படியுங்கள். மகிபாலன்பட்டியைத்தான் பழைய பூங்குன்றம் என்கிறார்கள். அங்கே பிறந்த கணியன் பூங்குன்றனார், சாவு புதியது இல்லை என்று அமைதியாகச் சொல்கிறார், ஆற்று நீரோடு போகும் தெப்பத்தைக் காட்டுகிறார். யாதும் ஊரே என்ற முதல் வரிக்கு இருக்கிற புகழில் அந்தத் தெப்பம் மறைந்துவிட்டது.

எதில் தொடங்கலாம்?

டிராகுலாவில். நீளமாகத் தோன்றினால், 1872இல் வந்த 'கார்மில்லா' சின்னது, இரண்டு சாயங்காலத்தில் முடியும். அப்புறம் ஆன் ரைஸ். பிள்ளைகளுக்குப் பதினாறு வயதாவது ஆகட்டும்.

செட்டிநாட்டை வைத்து ஒரு காட்டேரிக் கதை எழுத நினைக்கிறேன். என்ன சொல்வீர்கள்?

பூட்டிய பங்களா, சிலந்தி வலை, தேக்குத் தூண் பின்னால் ஒரு நிழல் என்று தொடங்க வேண்டாம். இந்த வீடுகள் பேய் குடியிருக்கக் கட்டியவை போலப் படம் எடுத்து எடுத்து நம்மையே நம்ப வைத்துவிட்டார்கள். வீட்டு நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்த வளவு. உச்சிவேளையில் வெயில் கொட்டும், மழை நேரே உள்ளே விழும். சூரியனுக்குப் பயப்படுகிற ஒன்று இங்கே எப்படி இருக்கும் என்று முதலில் யோசியுங்கள். எங்கே ஒதுங்கும், எந்த அறையின் சாவி அதனிடம் இருக்கும்?

பட்டாலைச் சுவரில் வரிசையாகப் பெரியவர்கள் படம் மாட்டி, சந்தன மாலை போட்டிருப்போம். வருஷத்தில் ஒருநாள் படைப்பு வீட்டில் பங்காளிகள் கூடி, செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து, சமைத்துப் படைத்து, எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சாகாதவருக்கு அந்தச் சுவரில் படம் கிடையாது, படைப்பில் துணி கிடையாது. அவரை எந்தக் கணக்கில் வைப்பது? உயிரோடு இருக்கிற புள்ளியிலும் சேர்க்க முடியாது, சாமியாகிவிட்டவர்களோடும் சேர்க்க முடியாது. உங்கள் கதை அங்கே இருக்கிறது. இலையைப் படைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்துவோமே, அந்த நேரத்தில் அவர் வெளியே எங்கே நிற்பார் என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் கால் பட்டுப் பட்டுத்தான் மினுங்கும். கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. நடமாட்டம் உள்ள வீட்டில் தரை எண்ணெய் தேய்த்தது போல இருக்கும். பூட்டிப் போட்ட வீட்டில் மங்கிவிடும். அப்பத்தா போன பிறகு, பதினாறு நாள் கழித்து வளவைக் கழுவிவிட்டோம். ஈரம் காய்ந்ததும் தரை முழுக்க மங்கலாகக் கிடந்தது. அவர் அறையிலிருந்து இரண்டாங்கட்டு அடுப்படி வரைக்கும் மட்டும், ஒரு முழ அகலத்துக்கு, ஒரு கோடு பளபளவென்று போயிற்று.